மதர்போர்டு மாறினால் கம்ப்யூட்டர் கண் விழிக்குமா?

ஜூன் மாதம் பிறந்தால் தென்காசி, குற்றாலம் பக்கம் ஒரே கொண்டாட்டம்தான். ஆரியங்காவு கணவாய் வழியாகக் குளுகுளுவென்று காற்று வீசும். கூடவே சாரலும் வரும். பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய அருவி என்று எல்லா இடத்திலும் கூட்டம் அலைமோதும். நனைந்துகொண்டே சூடான மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவது தனி சுகம்!

ஆனால், இந்த ஈரக்காற்று ஒருவருக்கு மட்டும் ஆகவே ஆகாது. யார் அவர் தெரியுமா? உங்கள் வீட்டு கம்ப்யூட்டர்தான்!

ஒருநாள் பட்டனை அழுத்துவீர்கள். விசிறி சுற்றும், திரையில் எதுவுமே வராது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "மதர்போர்டு போச்சு தம்பி, மாத்தணும். அப்படியே ஃபார்மட் பண்ணிடவா?" என்று அண்ணன் கேட்பார். அப்பாவும் 'சரி' என்று தலையாட்டக்கூடும். அங்கேதான் ஆபத்து! தாத்தாவின் பழைய போட்டோக்கள், அக்காவின் கல்லூரி புராஜெக்ட், நீங்கள் வரைந்து வைத்த படங்கள் எல்லாம் அந்த ஒரு 'சரி'யில் காணாமல் போகலாம்.

மதர்போர்டு மாறினால் ஃபார்மட் செய்தே ஆக வேண்டுமா? பழைய விண்டோஸே மறுபடியும் ஓடாதா? வாருங்கள், பார்ப்போம்.

மதர்போர்டு ஏன் கெடுகிறது?

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் பெரிய பச்சை அல்லது கறுப்புப் பலகைதான் மதர்போர்டு. மூளையான பிராசஸர், நினைவகமான ராம், ஹார்டு டிஸ்க், கீபோர்டு, மவுஸ் எல்லாமே இதில்தான் வந்து சேரும். எல்லாரையும் ஒன்றாக வைத்திருப்பதால்தான் 'மதர்' என்று பெயர் போலிருக்கிறது!

இந்தப் பலகைக்குப் பல எதிரிகள். பலகையில் படியும் தூசி, மழைக்கால ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத் தூசி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கசியும். செம்பு இழைகளில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். இடி இடிக்கும்போது மின் கம்பியில் திடீரென்று கூடுதல் மின்சாரம் பாய்ந்தாலும் பலகை கருகிவிடும். சில நேரம் எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் குடியேறி ஷார்ட் சர்க்யூட் ஆக்குவதும் உண்டு.

எது போச்சு? எது இருக்கு?

இதுதான் மிக முக்கியமான விஷயம். மதர்போர்டு கெட்டுப்போனால் உங்கள் ஃபைல்களும் போய்விட்டன என்று அர்த்தம் இல்லை!

உங்கள் போட்டோக்கள், பாட்டுகள், விளையாட்டுகள், விண்டோஸ் எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் அல்லது எஸ்.எஸ்.டி.யில் இருக்கின்றன. அது தனிப் பொருள். வீட்டுச் சுவர் இடிந்தாலும் பீரோவுக்குள் இருக்கும் துணிமணி பத்திரமாக இருக்குமே, அதுபோல! டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் பெரும்பாலும் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் சேமிப்புச் சிப்பை மதர்போர்டிலேயே சேர்த்து ஒட்டியிருப்பார்கள். அவற்றில் பலகையை மாற்றினால் பீரோவும் சேர்ந்து போய்விடும். அதனால் கடையில், "அண்ணா, இதுல டிஸ்க் தனியா கழற்றுற மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள்.

மலை தாண்டினால் மொழி மாறும்!

சரி, டிஸ்க் பத்திரமாக இருக்கிறது. புதுப் பலகையில் மாட்டிவிட்டோம். உடனே விண்டோஸ் ஓட வேண்டியதுதானே? ஏன் சில நேரம் முரண்டு பிடிக்கிறது?

செங்கோட்டையில் இருந்து புளியரை வழியாக மலை ஏறி இறங்கினால் கேரளா வந்துவிடும். புனலூர் சந்தையில் காய் வாங்க வேண்டும்; உங்களுக்கு மலையாளம் தெரியாது. என்ன செய்வீர்கள்? இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவீர்கள், இல்லையா?

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். விண்டோஸ் ஒரு மொழி பேசும். மதர்போர்டில் உள்ள சவுண்டு சிப், நெட்வொர்க் சிப், டிஸ்க்கைப் படிக்கும் சிப் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழி பேசும். நடுவில் நின்று மொழிபெயர்க்கும் குட்டி புரோகிராம்களுக்கு 'டிரைவர்' என்று பெயர். பஸ் ஓட்டும் டிரைவர் வேறு, இவர் வேறு!

பழைய மதர்போர்டுக்கு ஏற்ற மொழிபெயர்ப்பாளர்கள்தான் உங்கள் டிஸ்க்கில் இருக்கிறார்கள். புதுப் பலகையில் உள்ள சிப்கள் வேறு கம்பெனியாக இருந்தால், பழைய ஆட்கள் விழிப்பார்கள். சவுண்டு வராது, நெட் கிடைக்காது, திரை மங்கலாகத் தெரியும்.

சவுண்டு வராவிட்டால் பரவாயில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் டிஸ்க்கைப் படிக்கும் சிப்புக்கே மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால்? விண்டோஸால் தன்னுடைய சொந்த ஃபைல்களையே எடுக்க முடியாது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் இது பெரிய தலைவலி. மதர்போர்டை மாற்றியதும் 'என்னைக் கிளப்பும் டிஸ்க் எங்கே?' என்று நீலத்திரை காட்டி நின்றுவிடும். அந்தக் காலத்தில் கடை அண்ணன்கள் எடுத்த எடுப்பிலேயே ஃபார்மட் செய்ததற்கு இதுதான் காரணம்.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். விண்டோஸ் 10, 11 இரண்டும் பொதுவான சிப்களுக்கு உரிய டிரைவர்களைக் கையோடு வைத்திருக்கின்றன. முதல் முறை கிளம்பும்போது புதுப் பொருட்களை அவையே தேடி, தெரிந்துகொண்டு, ஒன்றிரண்டு முறை ரீஸ்டார்ட் ஆகி ஓட ஆரம்பித்துவிடும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை பொறுமையாக இருக்க வேண்டும். நடுவில் சுவிட்சை அணைக்கக் கூடாது!

தண்டவாளம் மாறிய கதை

செங்கோட்டை - கொல்லம் மலை ரயில் பாதையில் போயிருக்கிறீர்களா? சுரங்கம், பாலம், பள்ளத்தாக்கு என்று அட்டகாசமாக இருக்கும். 1904-ல் அந்தப் பாதை போடப்பட்டபோது அது மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி. பிறகு அதை 1,676 மில்லிமீட்டர் உள்ள அகலப் பாதையாக மாற்றினார்கள். அந்த வேலை முடிந்து, 2018-ல் புனலூர் - செங்கோட்டை இடையே மறுபடியும் ரயில் ஓடியது. அதே மலை, அதே ஊர்கள். ஆனால், பழைய மீட்டர் கேஜ் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஓடுமா? சக்கரம் பொருந்தாதே!

விண்டோஸுக்கும் இதே கதை நடக்கும். நீங்கள் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டிலேயே குடியிருக்கும் ஒரு குட்டி புரோகிராம். அதுதான் ராம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று ஆஜர் எடுக்கும். பிறகு டிஸ்க்கைத் தேடி, 'எழுந்திரு' என்று விண்டோஸைத் தட்டி எழுப்பும்.

இந்தக் குட்டி புரோகிராமில் இரண்டு வகை. பழைய வகைக்கு 'பயாஸ்' என்று பெயர். புதிய வகை 'யூ.இ.எஃப்.ஐ.'. பயாஸ் முறையில் போட்ட விண்டோஸை, யூ.இ.எஃப்.ஐ. மட்டுமே தெரிந்த புதுப் பலகையில் மாட்டினால் அது எழும்பாது. மீட்டர் கேஜ் பெட்டியை அகலப் பாதையில் நிறுத்திய கதைதான்!

அதற்காக டிஸ்க்கை அழித்துவிடத் தேவையில்லை. டிஸ்க்கின் அமைப்பைப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்றித்தரும் கருவி ஒன்று 2017-லிருந்து விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. ஃபைல்கள் அப்படியே இருக்கும்; அமைப்பு மட்டும் மாறும். ஆனாலும் முதலில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, விஷயம் தெரிந்த பெரியவர்தான் இதைச் செய்ய வேண்டும்.

இன்னொரு சின்னச் சிக்கலும் உண்டு. டிஸ்க்கோடு பேசும் விதத்துக்கு மதர்போர்டு அமைப்பில் ஒரு தேர்வு இருக்கும். 'ஏ.எச்.சி.ஐ.' என்பது ஒன்று, 'ரெய்டு' என்பது இன்னொன்று. பழைய பலகையில் எது இருந்ததோ அதையே புதிதிலும் வைத்தால், நீலத்திரைத் தொல்லை பெரும்பாலும் வராது.

பூட்டு இருக்கு, சாவி எங்கே?

இப்போது வரும் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க்கில் உள்ள எல்லாமே பூட்டி வைக்கப்பட்டிருக்கும். திருடன் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனாலும் எதையும் படிக்க முடியாது. விண்டோஸில் இந்தப் பூட்டுக்கு 'பிட்லாக்கர்' என்று பெயர்.

இந்தப் பூட்டின் சாவியைப் பாதுகாக்கும் காவலாளிக்கு 'டி.பி.எம்.' என்று பெயர். காவலாளி எங்கே இருக்கிறார்? மதர்போர்டிலோ பிராசஸரிலோ! பலகையை மாற்றினால் புதுக் காவலாளி வந்துவிடுவார். "நீ யார்? உன்னை எனக்குத் தெரியாதே. 48 இலக்க எண்ணைச் சொல்" என்று கேட்பார்.

அந்த 48 இலக்க எண் உங்களிடம் இருந்தால் பிரச்னையே இல்லை. எண்ணைப் போட்டால் கதவு திறக்கும். இல்லாவிட்டால்? டிஸ்க் நன்றாகவே இருந்தாலும், கடை அண்ணனாலும் திறக்க முடியாது. விண்டோஸைச் செய்த கம்பெனியாலும் திறக்க முடியாது. பீரோ பத்திரமாக இருக்கிறது, சாவிதான் இல்லை என்ற நிலைமை.

பெரும்பாலும் இந்த எண், அப்பா அல்லது அம்மாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அதைக் கண்டுபிடித்து, ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் பத்திரமாக வைத்துவிடச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள்!

'நீ அதே கம்ப்யூட்டர்தானா?'

விண்டோஸ் ஓடிவிட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தால், 'ஆக்டிவேட் செய்யவும்' என்று ஓரத்தில் எழுத்து தெரியும். என்ன இது?

விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்திலிருந்தே இந்த ஆக்டிவேஷன் வழக்கத்தில் இருக்கிறது. ஒருவர் வாங்கிய விண்டோஸைப் பல கம்ப்யூட்டர்களில் போடக்கூடாது என்பதற்காக, அது கம்ப்யூட்டரின் பாகங்களை அடையாளம் வைத்துக்கொள்ளும். ராம் மாற்றினாலோ டிஸ்க் சேர்த்தாலோ பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மதர்போர்டையே மாற்றினால், 'இது வேறு கம்ப்யூட்டர்' என்று நினைத்துக்கொள்ளும்.

கடையில் தனியாக விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ் என்றால் புதுப் பலகைக்கு மாற்றிக்கொள்ளலாம். 2016-ல், விண்டோஸ் 10 உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைக்கும் வசதி வந்தது. அப்படி முன்பே இணைத்திருந்தால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போய், 'சமீபத்தில் பாகத்தை மாற்றினேன்' என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்த விண்டோஸ் என்றால், அது அந்தப் பலகையோடு சேர்ந்தது. அதைச் செய்த கம்பெனியிடமே அதே மாடல் பலகை வாங்கி மாற்றுவதுதான் நல்லது.

அண்ணன், அக்காவின் லேப்டாப்

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் வீட்டு அண்ணனோ, அக்காவோ, சித்தப்பாவோ வாங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் இருந்தது. இதை உருவாக்கியது நம் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். முதல் பதிப்பு 2007-ல் வந்தது.

மதர்போர்டு மாறும் விஷயத்தில் லினக்ஸ் கொஞ்சம் கெட்டிக்காரர்! அதன் மையப் பகுதியான கெர்னலோடு ஏராளமான டிரைவர்கள் சேர்ந்தே வரும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் 'இன்று யார் யார் வந்திருக்கிறார்கள்?' என்று பார்த்து, தேவையான மொழிபெயர்ப்பாளரை மட்டும் கூப்பிட்டுக்கொள்ளும். டிஸ்க்கையும் அது மாட்டியிருக்கும் இடத்தை வைத்துத் தேடாமல், டிஸ்க்குக்கு உரிய தனி அடையாள எண்ணை வைத்துத் தேடும். அதனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பல நேரம் சட்டென்று எழுந்துவிடும். ஆக்டிவேஷன் தொல்லையும் கிடையாது.

லினக்ஸில் இன்னொரு நல்ல விஷயம். பென் டிரைவிலிருந்தே அதை ஓட்டலாம். விண்டோஸ் எழ மறுக்கும்போது, பென் டிரைவ் லினக்ஸைப் போட்டு, பூட்டாத டிஸ்க்கில் உள்ள போட்டோக்களை எல்லாம் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடலாம். வெள்ளம் வந்தால் படகில் போய் ஆட்களை மீட்பதுபோல!

பலகையை மாற்றும் முன்...

இதைக் கத்தரித்து கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

1. முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். கம்ப்யூட்டர் எழவே இல்லையா? டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துத் தரச் சொல்லிக் கடையில் கேளுங்கள்.

2. 48 இலக்க எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் ஓடும் நிலையில் இருந்தால், மாற்றும் முன் பெரியவர்கள் பிட்லாக்கரை அணைத்து வைப்பது இன்னும் நல்லது.

3. புதுப் பலகை, பழைய பிராசஸருக்கும் ராமுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். டி.டி.ஆர்.4 ராம், டி.டி.ஆர்.5 பலகையில் நுழையவே நுழையாது.

4. புதுப் பலகையின் நெட்வொர்க் டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். நெட் கிடைக்காவிட்டால் டிரைவர் இறக்க முடியாது; டிரைவர் இல்லாவிட்டால் நெட் கிடைக்காது. பெரிய வம்பு!

5. உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்தாயிற்றா என்று பாருங்கள்.

பெட்டியைத் திறந்து பலகையைக் கழற்றும் வேலை பெரியவர்களுடையது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை பெட்டிக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதை யாருமே திறக்கக் கூடாது.

மாற்றிய பிறகும் எழவில்லையா?

பதற வேண்டாம். முதலில், மதர்போர்டு அமைப்பில் டிஸ்க் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்று புதுப் பலகைக்குத் தெரியாமல் இருக்கலாம். அங்கே 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுத்தாலே சில நேரம் வேலை முடிந்துவிடும். பிறகு பயாஸா, யூ.இ.எஃப்.ஐ.யா என்பதையும், ஏ.எச்.சி.ஐ.யா, ரெய்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் தொடர்ந்து சில முறை எழ முடியாமல் தடுமாறினால், பழுது நீக்கும் திரை தானாகவே வரும். அதில் 'சேஃப் மோட்' என்று ஒன்று உண்டு. மிகத் தேவையான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எழும் முறை அது. அப்படி எழுந்தால், பழைய பலகையின் டிரைவர்களை நீக்கிவிட்டுப் புதியவற்றைப் போடலாம்.

இவை எல்லாம் தோற்றால்தான் ஃபார்மட். சில நேரம் அதுவே சரியான முடிவாகவும் இருக்கும். பல வருடக் குப்பை போய் கம்ப்யூட்டர் வேகமாகும். ஆனால், நகல் எடுத்த பிறகுதான் அது!

தெரியுமா?

* மதர்போர்டில் ஐம்பது காசு போல ஒரு வட்ட பேட்டரி இருக்கும். அதன் பெயர் சி.ஆர்.2032. மின்சாரம் இல்லாதபோதும் கம்ப்யூட்டர் மணி பார்ப்பது இதனால்தான். தேதி அடிக்கடி தப்பாகக் காட்டினால், இந்த பேட்டரி தீர்ந்திருக்கலாம். மதர்போர்டே போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள்!

* 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. புதுப் பலகை வாங்கும்போது, விண்டோஸ் 11-க்குத் தேவையான 'டி.பி.எம். 2.0' இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

* தென்காசிப் பகுதியில் 2011-ல் அலுவலகம் தொடங்கிய ஸோஹோ நிறுவனம், குற்றாலத்துக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் இயங்குகிறது. உலகம் முழுக்கப் பயன்படும் சாஃப்ட்வேர்களுக்கான வேலை அங்கே நடக்கிறது. நாளைக்கு நீங்களும் அங்கே போகலாம்!

செய்து பாருங்கள்!

இன்று மாலை வீட்டு கம்ப்யூட்டரில் விண்டோஸ் தேடும் இடத்தில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்கள். 'பேஸ்போர்டு' என்ற இடத்தில் உங்கள் மதர்போர்டின் கம்பெனி பெயர் இருக்கும். 'பயாஸ் மோட்' என்ற இடத்தில் 'யூ.இ.எஃப்.ஐ.' என்று இருந்தால் புதிய பாதை. 'லெகசி' என்று இருந்தால் பழைய பாதை. இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டில் தொலைந்தால் திரும்பக் கிடைக்கவே கிடைக்காத பத்து போட்டோக்கள் எவை என்று அம்மாவிடம் கேளுங்கள். முதலில் அவற்றை நகல் எடுங்கள். சாரல் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், கவலையே இல்லை!